தோற்ற ஆட்டத்தை அலச காசு கட்டணுமா?

கொடைக்கானல் பசங்களுக்கு ஆன்லைன் செஸ் பற்றிச் சொல்லும்போது, "தோத்த ஆட்டத்துல எங்க தப்புன்னு கம்ப்யூட்டர் காட்டணும்னா மாசச் சந்தா கட்டியே ஆகணும்"னு ஒரு அண்ணா எழுதியிருக்கார். சில தளங்களில் இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு, அதனால அப்படித் தோணியிருக்கலாம். ஆனா எல்லாத் தளத்துக்கும் அது பொருந்தாது. 2010-ல் தொடங்கிய லிச்செஸ் (Lichess) என்ற செஸ் தளத்தில் இந்த வசதி இலவசம், விளம்பரமும் கிடையாது.

நீங்களே பார்க்கலாம். கணக்கு தொடங்குங்க, கார்டு எண் எங்கேயும் கேட்காது. ஆட்டம் முடிஞ்சதும் அலசல் பலகைக்குப் போய் கம்ப்யூட்டர் அலசலைக் கேளுங்க. கொஞ்ச நேரத்துல ஆட்டம் எப்போ யார் பக்கம் சாய்ஞ்சதுன்னு காட்டும் வரைபடம் வரும், பெரிய தப்புக்குப் பக்கத்துல ரெண்டு கேள்விக்குறி நிக்கும். அப்புறம் 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதுதான் விசேஷம்: விடையைச் சொல்லாது, அதே நிலையை வச்சு உங்களையே தேடச் சொல்லும்.

போன வாரம் பி4 கட்டத்துல நின்ன கறுப்புக் குதிரையைக் கவனிக்காம ராணியைக் கிளப்பிட்டேன். அது சி2-ல் குதிச்சு ராஜாவுக்கு செக், மூலையில் யானையும் காலி. என் வெள்ளைக் குதிரையை ஏ3-க்கு நகர்த்தி சி2-ஐக் காத்திருந்தா போதும்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு முயற்சி ஆச்சு (வெளியே மூடுபனி, வேற வேலையும் இல்லை).

இலவசம்தானான்னு சந்தேகம் இருந்தா லிச்செஸின் நன்கொடைப் பக்கத்தையே படிங்க: பணம் தர்றவங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது பேருக்குப் பக்கத்துல ஒரு சிறகுச் சின்னம், அவ்வளவுதான்.