பிழை இல்லையாம்!

மறுபடியும் அதே கொடுமை. சிப்பின் லேஅவுட் (எந்தக் கம்பி எங்கே போகும் என்ற வரைபடம்) வரைவதற்கு முன், சிமுலேட்டரில் (சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ரிங் ஆசிலேட்டர் (தானே அதிரும் ஒரு சர்க்யூட்) காட்டிய அதிர்வெண்ணும், பாரசிட்டிக் எக்ஸ்ட்ராக்‌ஷன் கோப்பைச் (லேஅவுட்டின் கம்பிகளிலிருந்து கணக்கிட்ட மின்தடை, மின்தேக்கப் பட்டியல்) சேர்த்து ஓட்டிய பிறகு காட்டும் அதிர்வெண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கின்றன. கம்பிக்கு மின்தடை உண்டு, பக்கத்துக் கம்பியோடு மின்தேக்கம் உண்டு. அதிர்வெண் குறைந்தே தீர வேண்டும். துளிகூடக் குறையவில்லை என்றால், சிமுலேட்டர் அந்தக் கோப்பிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதானே பொருள்? இரவு முழுவதும் சர்வரை விழுங்கிவிட்டு, காலையில் திரையில் 'வெற்றிகரமாக முடிந்தது, பிழை 0' என்று போடுகிறது. நெஞ்சு கொதிக்கிறது!

லாக் கோப்பைத் திறந்தால், நெட் (சர்க்யூட்டின் ஓர் இணைப்புக் கம்பி) கிடைக்கவில்லை, நெட் கிடைக்கவில்லை என்று வரி வரியாக ஒப்பாரி. அதுவும் முழுதாக இல்லை. ஓர் அளவுக்கு மேல் 'இந்த எச்சரிக்கை இனிக் காட்டப்படாது' என்று தானே வாயை மூடிக்கொண்டுவிட்டது. எத்தனை நெட் விடுபட்டது என்பதைக்கூட நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

காரணம் என்ன? ஒரே நெட்டின் பெயரை இரண்டு கோப்பும் இரண்டு விதமாக எழுதுகின்றன. ஸ்கிமாட்டிக் நெட்லிஸ்ட்டில் (சர்க்யூட் படத்திலிருந்து வரும் இணைப்புப் பட்டியல்) பெயரின் படிநிலைகளுக்கு (எந்தப் பிளாக்குக்குள் எந்தப் பிளாக்) நடுவே புள்ளி. எக்ஸ்ட்ராக்டர் எழுதியதில் சாய்கோடு. அங்கே பஸ் பிட்டுக்குக் (கம்பிக் கட்டில் ஒரு கம்பியின் எண்) கோண அடைப்பு, இங்கே சதுர அடைப்பு. இவ்வளவுதான்! டிஎஸ்பிஎஃப் கோப்பின் (எக்ஸ்ட்ராக்டர் எழுதித் தரும் அந்தக் கோப்பு) தலைப்பிலேயே டிவைடர், அதாவது படிநிலைகளைப் பிரிக்கும் குறி, எது என்று தனி வரியில் எழுதியிருக்கிறது. லட்சக்கணக்கான மின்தடைகளை வாசிக்கத் தெரிந்த மென்பொருளுக்கு அந்த ஒரு வரியை மதிக்கத் தெரியாதா?

எல்லா நெட்டும் விடுபட்டால்கூடத் தப்பித்தோம். எண்கள் மாறாததை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பாதி ஒட்டி, பாதி விடுபட்டால்தான் ஆபத்து. மேல்மட்ட நெட்டுகளின் பெயரில் பிரிப்புக்குறியே கிடையாது, அவை சரியாகப் பொருந்திவிடும். உள்ளே இருப்பவை மொத்தமும் காணாமல் போகும். அதிர்வெண் கொஞ்சம் குறையும், எல்லாரும் நம்பிவிடுவார்கள், டேப்அவுட்டும் (வடிவமைப்பை உற்பத்திக்கு அனுப்புவது) நடந்துவிடும். பிறகு தயாரான சிலிக்கான் சிப் வந்து உண்மையைச் சொல்லும்போது மாஸ்க்குக்குக் (சிப்பின் வடிவத்தைப் பதிக்கும் அச்சு) கொட்டிய பணத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஒரு நெட் பொருந்தாவிட்டாலும் அதைப் பிழை என்று அறிவித்து அங்கேயே நிற்க வேண்டும். யாராவது விரும்பினால் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொள்ளட்டும். நிற்பதுதான் இயல்புநிலையாக இருக்க வேண்டும். மென்பொருளைத் தருபவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் 'அதற்கு ஒரு ஆப்ஷன் இருக்கிறதே' என்று பதில் வருகிறது. இருக்கட்டும், அதை ஏன் அணைத்தே வைத்துக் கொடுக்கிறீர்கள்?

இந்த எரிச்சலோடு இதையும் கேட்டுவிடுகிறேன். சர்க்யூட் சிமுலேட்டர்களின் முன்னோடியான ஸ்பைஸ் 1973இல் பெர்க்லியில் பிறந்தது. இன்றைக்கும் பல சிமுலேட்டர்களில் ஸ்பைஸ் நெட்லிஸ்ட்டில் எண்ணுக்குப் பின்னால் வரும் எம் (M) எழுத்து பெரியதானாலும் சிறியதானாலும் மில்லிதான். ஒரு மெகா ஓம் என்று நினைத்து மின்தடைக்குப் பின்னால் ஒற்றை எம் போட்டுப் பாருங்கள். நூறு கோடி மடங்கு சிறிய மின்தடையை வாங்கிக்கொண்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஓடும்!