மேலே போனப்புறம் பாத்துக்கலாமா?

சனிக்கிழமை நாகர்கோவில் நிகழ்ச்சியின் வீடியோவை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. வீடியோவின் கீழே வந்த கருத்துகளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். "முதல்ல மேலே ஏறுங்க, கொள்கையெல்லாம் மேலே போனப்புறம் பாத்துக்கலாம்" என்று, தொழில்நுட்ப வேலையில் முன்னேறுவதைப் பற்றி மேடையில் பேசியவர் மாணவர்களிடம் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. நான் எழுந்து மறுத்துப் பேசியபோது பின்வரிசையிலிருந்து சிரித்தார்கள். கைதட்டலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புதான் நான்கு நாளாக மனசை அறுக்கிறது.

மேடையில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மேலே போனபிறகு பார்த்துக்கொள்ள முடியாது. தொழில்நுட்பத் துறையில் மேலே போவது என்றாலே, வழியில் நூறு விஷயங்களுக்குச் 'சரி' சொல்லிக்கொண்டே போவதுதான். தொண்ணூற்றொன்பது தடவை கண்ணை மூடிக்கொண்டு சரி சொன்னவருக்கு நூறாவது தடவை மட்டும் மறுக்க எப்படி வாய் வரும்?

அப்பா கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர். சின்னத் தோட்டக்காரர்கள் ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்) சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். கடையில் தராசின் முகம் எப்போதும் விற்க வந்தவர் பக்கம்தான் திரும்பியிருக்கும். எடையைப் பார்க்க அப்பாதான் எட்டிப் பார்க்க வேண்டும். ஷீட் காயாமல் உள்ளே வெள்ளை தட்டியிருந்தால், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டுத்தான் விலையைக் குறைப்பார். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மக்ளே, நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாதுல்லா" என்றார்.

2021இல் நான் வேலை பார்த்த நிறுவனத்தில், டிக்கெட் பதிவுச் செயலியில் பணம் கட்டும் பக்கத்தில் காப்பீட்டுக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைக்கச் சொன்னார்கள். ஆளுக்கு 49 ரூபாய். அவசரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், அதை நம்பித்தான் அந்தப் பக்கமே வடிவமைக்கப்பட்டிருந்தது. குழுத் தலைவர் என்ற முறையில் நான் ஒப்புதல் தர வேண்டும். தரவில்லை. தராசை நம் பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூன்று கூட்டங்களில் என்னிடம் பேசிப் பார்த்தார்கள். நான்காவது கூட்டத்துக்கு அழைப்பே வரவில்லை. அப்புறம் நானே வேலையை விட்டுவிட்டேன்.

"சட்டம் தடுக்கவில்லையே, உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தடுத்திருந்தது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியை வைத்து ஒப்புதல் வாங்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருந்தது. பிறகு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பதும் அதில் ஒன்று. ஆனால் விதி இருந்ததால்தான் அது தப்பா? விதியே இல்லாவிட்டாலும் 49 ரூபாய் போனவருக்குப் போனது போனதுதான்.

"நீங்கள் மறுத்தால் இன்னொருவர் செய்வார்" என்கிறீர்கள். செய்தார். அதற்காக நானும் செய்திருக்க வேண்டுமா?

பிரிட்டன் அஞ்சல் துறையின் ஹொரைசன் கதையைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். 1999இல் வந்த கணக்கு மென்பொருள். ஃபுஜித்சு தயாரித்தது. அதிலிருந்த பிழையால் கிளை அஞ்சலகக் கணக்குகளில் இல்லாத பற்றாக்குறை காட்டியது. அதை நம்பி அந்தக் கிளைகளை நடத்திய சாதாரண மனிதர்களைத் திருடர்கள் என்றார்கள். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். பிழைகள் இருப்பது மென்பொருளைச் செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. மேலே இருந்தவர்கள் எல்லாரும் ஏறி முடித்தவர்கள்தான். பார்த்துக்கொண்டார்களா? 2024இல் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டுத்தான் அந்தத் தண்டனைகளில் பலவற்றை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மேடையில் பேசியவர் இஸ்ரோவையும் இழுத்தார். சிவன் சாரும் நாராயணன் சாரும் நம் மாவட்டத்துக்காரர்கள், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் சரக்கல்விளையிலிருந்தும் மேலக்காட்டுவிளையிலிருந்தும் போய் இஸ்ரோ தலைவரானவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் "கொள்கையை ஓரமா வையுங்க" என்று எப்படிச் சொல்ல மனசு வந்தது? அந்த வேலையில் ஒரு சோதனை முடிவை மறைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீடியோவில் அந்த இடத்தைத்தான் 'உணர்ச்சிவசப்பட்ட அம்மையார்' என்று தனியாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

'வாய்ப்பு இழந்தவளின் புலம்பல்' என்று என்னைப் பற்றி எழுதியவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். வாய்ப்பை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானாக விட்டுவிட்டு வந்தேன். இது அவருக்கும் தெரியும்.

அன்று கைதட்டிய பிள்ளைகளில் ஒருத்தி நேற்று இரவு இன்பாக்ஸில் கேட்டாள்: "அக்கா, வேலை போயிட்டா வீட்டுக்கு என்ன சொல்ல?" மற்ற எல்லாருக்கும் உடனே பதில் சொன்ன எனக்கு அவளுக்கு மட்டும் சொல்ல வரவில்லை. வேலையை விட்டபிறகு எட்டு மாதம் சம்பளம் இல்லை. வீட்டுக் கடன் தவணைக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்தேன். காலையில் குழித்துறை ஸ்டேஷனில் திருவனந்தபுரம் வண்டிக்கு நிற்பவர்களைப் பார்க்கக் கூசி, அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். இதையெல்லாம் அவளுக்கு ஒன்றுவிடாமல் எழுதப் போகிறேன். அந்த வளையலை மீட்டுவிட்டேன் என்பதையும் எழுதுவேன்.