ராஜினாமா என்ற பெயரில் ஒரு பணிநீக்கம்

“நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்.” போன மாதம் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பதினோரு வருட வேலை, பத்து நிமிஷத்தில் முடிந்ததாம்.

யாருடைய நல்லது? நிறுவனம் வேலையிலிருந்து நீக்கினால் காரணம் காட்ட வேண்டியது நிறுவனம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை (1982) இதைத்தான் சொல்கிறது: திறன், நடத்தை, நிறுவனத்தின் தேவை, இவற்றில் ஒன்றைச் சார்ந்த சரியான காரணம் வேண்டும். திறனையோ நடத்தையையோ குறை சொன்னால் முதலில் தொழிலாளியின் தரப்பைக் கேட்க வேண்டும். (திருடியவனுக்கும் இது உண்டு. அதில் எனக்குச் சங்கடமில்லை.) நிரூபிக்கும் பாரத்தைத் தொழிலாளி தலையில் மட்டும் கட்டக்கூடாது. எல்லா நாடுகளும் இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

ராஜினாமாக் கடிதம் செய்யும் வேலை, அந்தப் பாரத்தை அப்படியே நம் பக்கம் தள்ளிவிடுவது. ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்று இனி நாம்தான் நிரூபிக்க வேண்டும். அறையில் இருந்தது மூன்று பேர், அதில் இருவர் அவர்கள் ஆள்.

அப்புறம் நாள் கணக்கு. ஜெர்மனியில் நீக்கக் கடிதம் கைக்கு வந்த 3 வாரத்துக்குள் வழக்குப் போடாவிட்டால், பொதுவாக அந்த நீக்கம் செல்லும் என்றே ஆகிவிடும். ஆஸ்திரேலியாவிலும் 21 நாள்தான். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று குமைவதற்கே மூன்று வாரம் போய்விடுமே!

‘காசுக்காகக் கேஸ் போடுகிறான்’ என்பவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. மறுபடி வேலையில் சேர்க்க முடியாமல் போகும்போது வருவதுதான் இழப்பீடு. வருடக்கணக்கில் வழக்கு நடத்திவிட்டு அதே மேலாளர் முன்னால் போய் உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்? அதனால்தான் பெரும்பாலும் பணத்தில் போய் முடிகிறது. இதில் இன்னொரு தந்திரம், பாக்கிச் சம்பளத்தையும் எடுக்காத விடுப்புக்கான பணத்தையும் ‘செட்டில்மென்ட்’ என்று கொடுத்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்குவது. அது ஏற்கெனவே நம் பணம் சார், இழப்பீடு அல்ல.

நண்பரிடம் அந்தக் கடிதத்தின் நகல்கூட இல்லை. ‘என் விருப்பப்படி எழுதியதல்ல’ என்று மறுநாளே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். இப்போதுதான் அதை எழுத இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். தேதியைப் போடும்போதுதான் கை தயங்குகிறது.