காலண்டரைத் தூக்குவது யார் வேலை?

(மடிப்பாக்கம், இரண்டாவது மாடி ஹால். வாங்கியவர், சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 வருஷம் குப்பை கொட்டி ஓய்வுபெற்ற அம்மா. பார்த்தவர், வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதித்து ரிப்போர்ட் கொடுத்த தம்பி. நான் எதிர் ஃப்ளாட். மோர் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள், போனேன்.)

வாங்கியவர்: 41ஆம் பக்கத்தைத் திற தம்பி.

பார்த்தவர்: அதற்கு முன்னால் 3ஆம் பக்கத்தைப் பார்த்துவிடலாம் மேடம். "இது கண்ணால் பார்த்துச் செய்யும் சோதனை மட்டுமே" என்று தெளிவாக...

வாங்கியவர்: கண் எனக்கும் இருக்கிறது. போன வருஷம்தான் ஆபரேஷன் செய்து புது லென்ஸ் வைத்தேன். கண்ணால் பார்க்கிறதற்கு எதற்கு 8,500 ரூபாய்?

பார்த்தவர்: உங்கள் கண் வேறு, டிரெயினிங் எடுத்த கண் வேறு மேடம்.

வாங்கியவர்: சரி, அந்த டிரெயினிங் எடுத்த கண் 41ஆம் பக்கத்தில் என்ன பார்த்தது? வாய்விட்டுப் படி.

பார்த்தவர்: "ஹால், வடகிழக்கு மூலை. பெயின்ட் நல்ல நிலையில் உள்ளது. காலண்டர் ஒன்று மாட்டப்பட்டுள்ளது." போட்டோவும் போட்டிருக்கிறேனே.

வாங்கியவர்: காலண்டருக்குப் பின்னால் என்ன இருந்தது?

பார்த்தவர்: சுவர்தான் மேடம்.

வாங்கியவர்: நிமிர்ந்து பார்.

(நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். ஏழடி உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஓரடி, ஸ்கேல் வைத்து வரைந்தது போல ஒரு பச்சைக் கட்டம். சுற்றிலும் புது சந்தனக் கலர். பச்சைக்குள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, வெடித்த இடங்களில் உப்பு பூத்திருந்தது. அங்கிருந்து ஓதம் இறங்கி இறங்கி இப்போது சோபா முதுகைத் தொட்டுவிட்டது. அம்மா ஒட்டடைக் கோலால் லேசாகத் தட்டினார். பல்பொடி போலக் காரை உதிர்ந்து தம்பியின் லேப்டாப்பில் விழுந்தது.)

பார்த்தவர்: இது... புதிதாக வந்திருக்கும் மேடம்.

வாங்கியவர்: புதிதாக வந்தது சந்தனக் கலர். பச்சை பழசு. பெயின்டர் காலண்டரைச் சுற்றியே அடித்துவிட்டுப் போயிருக்கிறான். அவனும் தூக்கவில்லை, நீயும் தூக்கவில்லை.

பார்த்தவர்: வீட்டுக்காரர் பொருளை நகர்த்தக் கூடாது என்பது எங்கள் விதி. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின்...

வாங்கியவர்: அந்த வரிசையில் காலண்டர் எங்கே வருகிறது? வாஷிங் மெஷினுக்கு முன்னாலா, பின்னாலா?

பார்த்தவர்: "இதர அசையும் பொருள்கள்" என்பதில் அடங்கும் மேடம். அதுவும் முருகன் படம் போட்டது. ஷூ போட்டிருந்தேன். தொடலாமா?

வாங்கியவர்: அடேயப்பா. சரி, தொடாமலே பார்த்திருக்கலாமே. உன் போட்டோவில் என்ன தேதி இருக்கிறது, பெரிதாக்கிப் பார்.

பார்த்தவர்: ஆகஸ்ட் 3.

வாங்கியவர்: நீ சோதனைக்கு வந்தது?

பார்த்தவர்: பொங்கல் முடிந்து... ஜனவரி 20.

வாங்கியவர்: தினசரி காலண்டர். தாள் கிழித்து அஞ்சரை மாசம் ஆகிறது. மாட்டியிருப்பது ஏழடி உயரத்தில். தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறித் தேதி கிழிக்கிற குடும்பம் என்று நினைத்தாயா?

பார்த்தவர்: பக்தியாக உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் மேடம்.

வாங்கியவர்: ஆகஸ்ட் 3 என்ன நாள்? கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

பார்த்தவர்: ஆடி 18. ஆடிப்பெருக்கு.

வாங்கியவர்: முருகனே எழுதிக் காட்டியிருக்கிறார், பின்னால் பெருக்கு என்று. 64 பக்க ரிப்போர்ட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

(இந்த 64 பக்கத்தை நானும் புரட்டிப் பார்த்தேன். குறை என்று 118 எழுதியிருந்தார்கள். கிச்சன் ஸ்விட்ச்போர்டு 3 மில்லிமீட்டர் சாய்வு. பெட்ரூம் டைல்ஸில் ஒன்றைத் தட்டினால் டொக்கு சத்தம். கதவு மேக்னட் இல்லை. காலிங் பெல்லின் குருவிச் சத்தம் அளவுக்கு மீறி நீள்கிறது. இப்படிப் பொடிக் குறைகளை மூட்டை கட்டினால் வாங்குகிறவருக்குக் காசு கொடுத்த திருப்தி வந்துவிடும் போல.)

பார்த்தவர்: கண்ணை மட்டும் நம்பவில்லை மேடம். ஈரம் பார்க்கிற மீட்டர் வைத்தேன். பச்சை விளக்குதான் எரிந்தது.

வாங்கியவர்: எங்கே வைத்தாய்?

பார்த்தவர்: காலண்டருக்கு... பக்கத்தில்.

வாங்கியவர்: ம்.

பார்த்தவர்: தெர்மல் கேமராவும் வைத்தேன். சுவரில் ஈரம் இருந்தால் அந்த இடம் குளிர்ந்து நீலமாகக் காட்டும். நீலமே வரவில்லை.

வாங்கியவர்: காலண்டர் என்ன கலர் காட்டியது?

பார்த்தவர்: ஆரஞ்சு.

வாங்கியவர்: முருகனுக்குக் காய்ச்சல் என்று அதையும் ஒரு குறையாக எழுதியிருக்கலாமே, 119 ஆகியிருக்கும்.

பார்த்தவர்: மேடம், உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்குத் தூக்கிப் பார்த்திருந்தாலும் சுவர் காய்ந்துதான் இருந்திருக்கும். இது மேல் வீட்டு பாத்ரூம் பிரச்சினை. பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். தரையில் தண்ணீர் வெளியேறுகிற நானி ட்ராப் ஓரத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, மெதுவாகச் சுவர் வழியாக இறங்கும். குளித்தால் கசியும், குளிக்காவிட்டால் காயும். சோதனை சமயத்தில் மேல் வீட்டில் யாரும் இல்லை.

வாங்கியவர்: மாமி மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தார். மார்ச்சில் வந்தார். வந்த அன்றைக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தார்.

பார்த்தவர்: பாருங்கள்! அப்போது தப்பு மாமி மேல்...

வாங்கியவர்: குளித்தது தப்பா? மேலே வீடு பூட்டியிருக்கிறது, பாத்ரூம் பயன்பாட்டில் இல்லை, 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் இந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல முடியாது என்று ஒரு வரி எழுதினாயா? குருவிச் சத்தத்துக்கு நாலு வரி இருக்கிறது.

பார்த்தவர்: மேல் வீடு எங்கள் ஒப்பந்தத்தில் வராது.

வாங்கியவர்: மேல் வீடு வராது, காலண்டர் வராது. உப்பு பூத்த தழும்பு காய்ந்த சுவரிலும் தெரியுமே, அதுவாவது வருமா?

பார்த்தவர்: தெரிந்திருந்தால் வரும்.

வாங்கியவர்: தூக்கியிருந்தால் தெரியும்.

பார்த்தவர்: தூக்குவது எங்கள்...

வாங்கியவர்: வேலை இல்லை. சரி. மோர் குடி.

(குடித்தார். பெருங்காயம் தூக்கல். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தம்பிக்குத் தெம்பு வந்துவிட்டது.)

பார்த்தவர்: நானும் ஒன்று கேட்கலாமா மேடம்? 12,000 சொன்னேன், 8,500க்கு இறக்கினீர்கள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் அட்வான்ஸ் கொடுக்கணும், முக்கால் மணி நேரத்தில் முடி என்றீர்கள். அதே வீட்டுக்கு வாஸ்து பார்த்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

வாங்கியவர்: ... 15,000.

பார்த்தவர்: அவர் காலண்டரைத் தூக்கினாரா?

வாங்கியவர்: தூக்கவில்லை. ஆனால் ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்கும், குடும்பத்துக்கு நல்லது என்றார். அவர் சொன்னது நடந்துவிட்டதே தம்பி.

பார்த்தவர்: குடிவந்து இரண்டு மாதம் நீங்களும் தூக்கவில்லையே மேடம்?

வாங்கியவர்: (சற்று இறங்கி) விற்றவர் கொடிக்கயிறு, கிளிப்பு, பாத்ரூம் மக்கு வரைக்கும் அள்ளிக்கொண்டு போனார். காலண்டரை மட்டும் விட்டுவிட்டுப் போனார். நல்லவர், சாமியை விட்டுப் போயிருக்கிறார் என்று நானும் விளக்கு ஏற்றினேன். (மறுபடி ஏறி) ஆனால் நான் காசு கொடுத்தவள். நீ காசு வாங்கியவன்.

பார்த்தவர்: ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், புகார் போடலாமே மேடம்? கட்டடத்தில் கோளாறு என்றால் 5 வருஷம் வரைக்கும் பில்டர்தான் பொறுப்பு. புகார் கொடுத்து 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தரணும்.

வாங்கியவர்: அந்தச் சட்டம் 2016. இந்தக் கட்டடம் 2008. பில்டர் இப்போது எங்கே என்று பில்டர் வீட்டிலேயே தெரியாது. வேறு சொல்.

பார்த்தவர்: அப்படியானால் விற்றவரைப் பிடிப்பதுதான் நியாயம்.

வாங்கியவர்: பிடித்தேனே. 31 வருஷம் பத்திரத்தோடு வாழ்ந்தவள் நான். 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், மூலப்பத்திரம் பார்த்தேன், 7 சதவீதம் முத்திரைத்தாள், 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று கட்டினேன். சுவருக்கு வில்லங்கச் சான்று எந்த ஆபீசிலும் தரமாட்டார்கள் என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

பார்த்தவர்: விற்றவர் என்ன சொன்னார்?

வாங்கியவர்: 1882 சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை எதுவாக இருந்தாலும் விற்கிறவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். எடுத்து வைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்கள்தான் எஞ்சினியர் வைத்து 64 பக்கத்துக்குப் பார்த்தீர்களே அம்மா, நான் என்னத்தை மறைத்தேன்?"

பார்த்தவர்: அடடா.

வாங்கியவர்: 8,500 ரூபாய்க்கு நான் வாங்கினது என்ன தெரியுமா? விற்றவருக்கு ஒரு கேடயம். உன்னை வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் நேராக அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது அவர் உன்னைக் காட்டுகிறார், நீ 3ஆம் பக்கத்தைக் காட்டுகிறாய். 3ஆம் பக்கம் யாரைக் காட்டும்?

பார்த்தவர்: அதில் இன்னொன்றும் இருக்கிறது மேடம். எங்கள் பொறுப்பு வாங்கின கட்டணத்தோடு முடிந்துவிடும் என்று...

வாங்கியவர்: பார்த்தேன். அந்த வரிக்கு மட்டும் எழுத்து எறும்பு சைஸ். அதைப் படிக்கத்தான் கண் ஆபரேஷன் செய்தேன் போல. அதற்கெல்லாம் நுகர்வோர் ஆணையம் பதில் சொல்லும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே ஃபீஸே கிடையாது. ஒரு தினசரி காலண்டர் வாங்குகிற செலவுகூட எனக்கு இல்லை.

பார்த்தவர்: கேஸ் எல்லாம் எதற்கு மேடம்? பேசித் தீர்த்துக்கொள்வோம்.

வாங்கியவர்: பேச்சு ஒன்றே ஒன்றுதான். இந்தா பேப்பர், இந்தா பேனா. காலண்டரைத் தூக்கிப் பார்ப்பது சாதாரணக் கவனமா, இல்லையா? எழுது.

பார்த்தவர்: புரியவில்லை.

வாங்கியவர்: சாதாரணக் கவனம் இல்லை, யாரும் அப்படித் தூக்கிப் பார்க்க மாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அதைக் கொண்டுபோய் விற்றவரைப் பிடிக்கிறேன். இல்லை, அது சாதாரணமாக யாரும் செய்கிறதுதான் என்று எழுதினால் உன்னைப் பிடிக்கிறேன். உன் இஷ்டம்.

(தம்பி பேனாவை மூடினார், திறந்தார். மேலே மாமி வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. மணி நாலரை, மாமிக்கு சாயங்காலமும் ஒரு குளியல் உண்டு.)

பார்த்தவர்: ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு...

வாங்கியவர்: ஒரு வார்த்தை கேள், ஆனால் 3ஆம் பக்கத்தைக் கேட்காதே.

பார்த்தவர்: அந்தக் காலண்டர் இப்போது எங்கே மேடம்?

வாங்கியவர்: பீரோவில், பத்திரத்தோடு பத்திரமாக இருக்கிறது. நேற்று விற்றவர் போன் செய்தார். ஓதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்த முருகன் காலண்டரை மட்டும் கொடுத்துவிடுங்கள் அம்மா, ராசியான படம், சென்டிமென்ட்" என்றார்.

பார்த்தவர்: பாவம், பக்திதான்.

வாங்கியவர்: பக்தி! மேடவாக்கத்தில் அவருக்கு இன்னொரு ஃப்ளாட் இருக்கிறதாம். விற்கப் போகிறாராம்.

பார்த்தவர்: மேடவாக்கமா? மூன்றாவது மாடி, லிஃப்ட் பக்கத்தில்?

வாங்கியவர்: உனக்கு எப்படித் தெரியும்?

பார்த்தவர்: வருகிற சனிக்கிழமை எனக்கு அங்கேதான் சோதனை மேடம்.

வாங்கியவர்: (சமையலறைக்குள் போய், இழுத்துக்கொண்டு வந்து) இந்தா ஸ்டூல். எடுத்துக்கொண்டு போ.