மூன்று வயதில் ‘அ’ வேண்டாம்

“மூன்று வயதிலேயே கொப்பியில் ‘அ’ எழுதாவிட்டால் முதலாம் தரத்தில் பிள்ளை பின்தங்கும்” என்று சொல்வது தவறு. அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்புதான். வட்டம் வரைய வரும், கூட்டல் குறி நாலு வயதளவில், சதுரம் அதற்கும் பிறகு. சுழியும் வளைவுமான ‘அ’வைத் திணித்தால் பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கும், நகநுனி வெளுக்கும். பிறகு அந்தப் பிடியை மாற்றுவதுதான் பெரும்பாடு.

ரொட்டி மாவில் ஓர் உருண்டை கொடுத்து உருட்ட, கிள்ள விடுங்கள். (தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளான லயத்துக் குசினியில் தினமும் நடப்பதுதான், யாரும் அதைப் படிப்பென்று எண்ணுவதில்லை.) கிரேயோனை 3 சென்டிமீற்றர் துண்டாக உடைத்துக் கொடுத்தால் முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது, விரல்நுனிதான் வரும். காயவைத்த தேயிலைச் சக்கையைத் தட்டில் பரப்பி, முதலில் ‘ட’: மேலிருந்து கீழே, அப்படியே வலப்பக்கம். “ட, ட, பட்டம்” என்று சொல்லியபடியே விரலால் இழுக்கட்டும். அடுத்து ப, ம. ‘அ’ மெதுவாக வரட்டும்.