நாவலில் இப்போது எந்த மாதம்?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாவல் எழுத வருகிற இளைஞர்களின் கையெழுத்துப் பிரதிகள் சில ஆண்டுகளாகவே என் பார்வைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மொழி நன்றாகவே இருக்கிறது. எந்த ஊரில் எப்படிப் பேசுவார்கள், மாமியாரிடம் பேசும்போது குரல் எங்கே இறங்கும் என்பது வரைக்கும் அவர்களுடைய காது கூர்மையாக வேலை செய்திருக்கிறது. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. கதை எந்த மாதத்தில் நடக்கிறது, போன அத்தியாயத்துக்கும் இந்த அத்தியாயத்துக்கும் நடுவில் எத்தனை நாள் கழிந்தது, அந்த நாட்களில் வீட்டில் காசு இருந்ததா இல்லையா என்பது எழுதியவருக்கே தெரிவதில்லை. நாவல் கலையில் நம்மவர்கள் முதலில் தேற வேண்டியது காலத்தைக் கையாள்வதில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வட்டார வழக்கின் மேல் நமக்கு இருக்கும் பற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த மண்ணின் பேச்சை அச்சில் ஏற்றியவர்கள் போட்ட பாதையில்தான் நாம் எல்லோரும் நடக்கிறோம். ஆனால் நாவலாசிரியரான கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கென்றே தனியாக ஓர் அகராதி தொகுத்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொற்களைச் சேகரிப்பது ஓர் உழைப்பு, நாவல் எழுதுவது வேறோர் உழைப்பு என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு விவசாயக் குடும்பத்தை வைத்து எழுதுகிறோம் என்று கொள்வோம். அங்கே ஆண்டு கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிப் பருவங்களாகப் பிரிந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் பாபநாசம் அணைக்குத் தண்ணீர் வந்தால் ஜூன் மாதத்தில் கால்வாய்களைத் திறந்துவிடுவார்கள். கார் நெல் புரட்டாசிவாக்கில் வீடு வந்து சேரும். வடகிழக்கு மழையை நம்பி நடுகிற பிசானம் மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். ஆகவே அந்த வீட்டில் காசு புழங்குகிற மாதங்களும், மளிகைக் கடையில் பற்று ஏறுகிற மாதங்களும் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்தவை. கல்யாணப் பேச்சு எப்போது எடுக்கப்படும், அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைச் சண்டை எப்போது மூளும், அடகு வைத்த நகை எப்போது திரும்பும் என்பதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான் நடக்கும். வடக்கே கோவில்பட்டிப் பக்கம் போனால் மானாவாரிக் கரிசல். ஐப்பசி மழைக்கு விதைத்துவிட்டு, அந்த ஒரே வெள்ளாமையை வைத்து ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டிய சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், நாடு அது. ஆற்றங்கரைக் குடும்பம் கார் நெல்லை அளந்து உள்ளே போடுகிற அதே நேரத்தில், கரிசல் காட்டுக் குடும்பம் விதைக்கும் உழவுக்கும் கடன் கேட்டு அலைந்துகொண்டிருக்கும். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் பெண் கொடுத்து எடுத்திருந்தால், புரட்டாசியில் வாசலில் வந்து நிற்கிற மைத்துனருக்கு என்ன பதில் சொல்வது என்பதிலிருந்தே ஒரு நாவல் தொடங்கிவிடும். அந்த மோதலைக் கற்பனை செய்து கொண்டுவர வேண்டியதில்லை, மாதத்தைச் சரியாக வைத்தாலே போதும்.

விவசாயத்துக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். அண்மையில் வாசித்த ஒரு பிரதியில் பீடி சுற்றுகிற ஒரு பெண் வருகிறாள். சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். உடனே எட்டுப் பக்கத்துக்குத் தன் இளமைக் காலத்தை நினைத்துப் பார்க்கிறாள். எட்டுப் பக்கம் முடிந்த பிறகும் சுளகில் எதுவும் மாறவில்லை. உண்மையில் அவள் முந்தைய நாளே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பாள். அளவுத் தகட்டை வைத்து இலை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி, 25 பீடிக்கு ஒரு கட்டாக 1000 பீடிக்கு 40 கட்டு அவள் அடுக்க வேண்டும். கடையில் கணக்குப் பார்ப்பவர் சில பீடிகளைக் கழித்துப் போடுவார். பழைய நினைவுகள் இந்த வேலையின் இடுக்குகளில்தான் வர முடியும்: பத்தாவது கட்டில் தொடங்கிய ஒரு நினைவு, பக்கத்து வீட்டுப் பெண் தூள் கடன் கேட்டு வந்ததால் அறுபட்டு, இருபதாவது கட்டில் வேறு கோபத்தோடு திரும்பி வரலாம். கடைக்குப் போகிற நேரம் நெருங்க நெருங்க நினைவு சுருங்கி, கை மட்டும் விரையும். இப்படி எழுதினால் எட்டுப் பக்கம் ஐந்தாகக் குறையும். அந்தப் பெண்ணும் நம் கண்முன் உட்கார்ந்திருப்பாள்.

ஆண்டுக் கணக்கிலும் இதே கவனம் தேவைப்படுகிறது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி 1986இல் தனி மாவட்டமானது. தென்காசி 2019இல் பிரிந்தது. 1980இல் கோவில்பட்டி விவசாயி ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டுமானால் திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் இருக்கிற கொக்கிரகுளத்துக்குத்தான் வந்திருப்பார், 1990இல் தூத்துக்குடிக்குப் போயிருப்பார். பேருந்தும் வழியும் மாறும், இறங்கி டீ குடிக்கிற இடமும் மாறும். 1992 நவம்பர் வெள்ளத்தில் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாற்பதைத் தாண்டியவள். அவளை இரண்டாம் வெள்ளத்திலும் இளம்பெண்ணாகவே வைத்திருந்தால் வாசகரின் நம்பிக்கை அந்தப் பக்கத்தோடு போய்விடும்.

முதல் வரைவில் இதையெல்லாம் யோசித்துக் கை தயங்க வேண்டியதில்லை. கதை வருகிற வேகத்தில் வரட்டும். இரண்டாவது வரைவுக்கு உட்காரும்போது, அத்தியாயம் ஒவ்வொன்றுக்கும் மாதம், பாத்திரங்களின் வயது, அந்த வாரத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை, கையிலிருந்த பணம், வாங்கியிருந்த கடன் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். பாதி இடங்களில் பதில் இருக்காது. அந்த இடங்களில்தான் கதை தொய்ந்திருக்கும் என்பதைப் பிரதிக்குப் பிரதி பார்த்து வருகிறேன். கண்டுபிடித்த பதில்களை அப்படியே நாவலுக்குள் கொண்டுவந்து கொட்டிவிடவும் கூடாது. மழை அளவையும் கொள்முதல் விலையையும் வாசகருக்குப் பாடம் நடத்துகிற நாவல்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும், ஒரு வாக்கியத்தின் திடத்திலேயே அது தெரிந்துவிடும்.

காலம் கடந்துபோவதைக் காட்ட 'பத்து வருடங்கள் ஓடிவிட்டன' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே நிகழ்ச்சியை மறுபடி எழுதுவது அதைவிட வலுவான வழி. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒரு நாவலில் மூன்று முறை எழுதலாம். முதல் முறை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன், இரண்டாம் முறை வடம் பிடிக்கிறான்; மூன்றாம் முறை வெளியூரிலிருந்து லீவு கிடைக்காமல் கைப்பேசியில் பார்க்கிறான். நடுவில் நடந்தவற்றில் பெரும்பகுதியை வாசகரே இட்டு நிரப்பிக்கொள்வார்.

இந்தத் திருத்த வேலைக்குப் பல மாதங்கள் பிடிக்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், முதல் வரைவே எழுத்துப் பிழை மட்டும் பார்க்கப்பட்டு அச்சுக்குப் போவதை ஆண்டுதோறும் வருத்தத்தோடு பார்க்கிறேன். இந்த ஆண்டு நாவல் எழுதி முடித்த நண்பர்கள், பதிப்பாளரிடம் பிரதியைக் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு தாளை எழுதிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அடுத்த புத்தகக் காட்சிக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.