ஸ்டார்வ்ட் ராக் போகிறீர்களா? மழை பெய்த மறுநாள் போங்கள்

சிகாகோ பக்கத்துத் தமிழர்களிடம் ஸ்டார்வ்ட் ராக் மாநிலப் பூங்கா பற்றிக் கேட்டால் வரும் குறை ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் போனோம், அருவியில் சொட்டுத் தண்ணி இல்லை." ஆகஸ்ட் சனிக்கிழமை மத்தியானம் போனால் அப்படித்தான் இருக்கும். அங்கே 18 கேன்யன்கள், அதாவது பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகிய பள்ளங்கள், உண்டு. எதிலும் வற்றாத ஆறு விழுவதில்லை. மேட்டில் பெய்த மழையும் உருகிய பனியும் சின்ன ஓடைகளாக வந்து விழுவதுதான் அருவி. ஆகவே மார்ச் கடைசி முதல் மே வரை, நல்ல மழைக்கு மறுநாள் போகவேண்டும். பனிக்காலத்தில் அதே அருவிகள் ஐஸ் தூண்களாக நிற்கும். ஷூவில் மாட்டும் ஐஸ் கிளீட்ஸ் இல்லாமல் அப்போது இறங்காதீர்கள்.

ஐ-80இல் எக்ஸிட் 81 எடுத்து, 178ஆம் எண் சாலையில் தெற்கே யூட்டிகா ஊரைத் தாண்டி, இல்லினாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனாலேயே வார இறுதியில் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். காலை எட்டுக்குள் போய்ச் சேருங்கள், இல்லையென்றால் வார நாளில் போங்கள். எல்லாரும் விசிட்டர் சென்டர் வாசலிலேயே முட்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து பிரெஞ்சு கேன்யன் அரை மைலுக்கும் குறைவு, வைல்ட்கேட் ஒரு மைல். நடுவில் மரப்படிகள் ஏராளம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சரிப்படாது. பெரியவர்களோடு போகிறவர்கள் 71ஆம் எண் சாலையில் கிழக்கே ஓட்டி, ஒட்டாவா கேன்யன் பார்க்கிங்கில் நிறுத்தலாம். கவுன்சில் ஓவர்ஹாங் என்ற பிரம்மாண்டமான குடைவரை மாதிரியான பாறை அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். என் கணக்கில் பூங்காவிலேயே சிறந்த இடம் அதுதான், கூட்டமும் குறைவு.

பாதையில் மரங்களில் மஞ்சள் புள்ளி தெரிந்தால் விசிட்டர் சென்டரை விட்டு விலகிப் போகிறீர்கள், வெள்ளைப் புள்ளி என்றால் திரும்பி வருகிறீர்கள். பள்ளத்துக்குள் போன் சிக்னலை நம்பாமல் இதை நினைவில் வையுங்கள்.

இனி இந்தக் கேன்யன்களின் கல். செயின்ட் பீட்டர் மணற்பாறை. ஏறக்குறைய முழுக்கக் குவார்ட்ஸ் மணல், மணிகளை ஒட்டவைக்கும் பசை மிகக் குறைவு. விரலால் தேய்த்தாலே உதிரும். பக்கத்து ஒட்டாவா ஊரில் இதே மணலைத் தோண்டிக் கண்ணாடி செய்ய அனுப்புகிறார்கள். இவ்வளவு இளகிய கல் என்பதால்தான் சின்ன ஓடைகூட இத்தனை கேன்யன்களை அறுத்திருக்கிறது. அதே காரணத்தால்தான் விளிம்பில் நிற்பது ஆபத்து. அடிப்பகுதி அரித்துப்போய் மேல்பகுதி மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். மேலே மண்ணும் புல்லும் வேரும் மூடியிருப்பதால் கெட்டித் தரை போலத் தெரியும். காலுக்குக் கீழே வெறும் காற்றுதான் என்பது பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் புரியும். செல்ஃபிக்காக வேலியைத் தாண்டினால் கால் இடறாமலே விழலாம், நின்ற இடமே உடைந்து. "எல்லா இடத்திலும் வேலி போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 13 மைல் பாதை நெடுக வேலி போட்டால் பார்க்க என்ன மிஞ்சும்? பாதையை விட்டு இறங்காமல் இருப்பது அதைவிடச் சுலபம்.

சுவரில் பெயர் செதுக்குகிறவர்களிலும் நம் ஆட்கள் உண்டு. தமிழில் இருந்தாலும் அது அசிங்கம்தான்.

பார்க்கிங் நிரம்பித் திருப்பி அனுப்பினால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். 178இலேயே இன்னும் தெற்கே சில நிமிடத்தில் மத்தீசன் பூங்கா. அதே கல், அதே மாதிரி அருவி, பாதிக் கூட்டம்.